வாக்கியம் இல்லாத அர்த்தம்

என் அக்காவிடம் யாரும் சண்டை போட முடியாது. அடிவயிற்றிலிருந்து கத்தி, இருக்கிற வசவையெல்லாம் கொட்டி, கடைசியாக நறுக்கென்று ஒன்று சொல்லி மூச்சு வாங்குவோம். அப்போது அவள் கொண்டையில் செருகியிருக்கும் பென்சிலை உருவிக்கொண்டு, "இன்னொரு தடவ சொல்லு" என்பாள். பதில் சொல்வதற்காக அல்ல, எழுதிக்கொள்வதற்காக. "நீயெல்லாம் ஒரு மனுஷியா?" என்று கேட்டால் அதையும் எழுதிக்கொள்வாள். தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியே இல்லை.

அவள் வேலை அப்படி. கதை, கட்டுரை, மொழிபெயர்ப்பு என்று எழுதிப் பிழைக்கிறவர்களுக்காக ஓர் ஆங்கிலம்–தமிழ் அகராதி தயாராகிறது. அந்த அலுவலகத்தில் உதாரண வாக்கியப் பிரிவு அவளுடையது. பிரிவு என்றதும் வரிசையாக நாற்காலி போட்டுப் பலபேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். அவள் ஒருத்திதான் பிரிவு. கால் ஆடாமலிருக்க அட்டை மடித்துச் செருகிய மேசை, சுவர் முழுக்க வாக்கியச் சீட்டுப் பெட்டிகள், திறந்தால் மூட வராத ஒரு ஜன்னல். அவ்வளவுதான் அவள் ராஜ்ஜியம்.

அங்கே ஒரு விதி உண்டு. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம் இருக்கிறதோ அத்தனைக்கும் ஒரு தமிழ் வாக்கியம் வேண்டும். அது யாரோ ஒருவர் வாயிலிருந்து நிஜமாகவே விழுந்ததாக இருக்க வேண்டும். மேசையில் உட்கார்ந்து ஜோடித்ததாக இருக்கக் கூடாது. ஆசிரியர் வயதான மனிதர். ஒரே ஒரு முற்றுப்புள்ளிக்காக அச்சகம் வரை நடந்துபோய்ச் சண்டை போட்டவர் என்பதால் எல்லோருக்கும் அவர் புள்ளி சார். ஜோடித்த வாக்கியத்தை மோப்பம் பிடித்துவிடுவார். "இத யாரும் பேசல, நீங்க செஞ்சது" என்று சீட்டைத் திருப்பி அனுப்புவார். வாக்கியம் கிடைக்காத அர்த்தத்தை அகராதியிலிருந்தே தூக்கிவிடுவார். பேசுகிறவர்கள் இல்லாத அர்த்தம் நமக்கு எதற்கு என்பது அவர் கட்சி.

அதனால் அக்கா காதைத் திறந்து வைத்துக்கொண்டே வாழ்ந்தாள். பஸ்ஸில், ரேஷன் வரிசையில், ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாம் அவளுக்கு வேலை நேரம்தான். பஸ் டிக்கெட்டின் முதுகில், மாத்திரை அட்டையில், ஒருமுறை என் முழங்கையில்கூட எழுதியிருக்கிறாள். காய்கறிக் கடைக்காரர் அவளைக் கண்டதும், "உதாரணம்மா வந்தாச்சு, எல்லாரும் ஒழுங்காப் பேசுங்கப்பா" என்று குரல் கொடுப்பார். அத்தான் வாயில்லாப் பூச்சி. அவர் பங்குக்கு முதல் தொகுதியில் ஒரே ஒரு வாக்கியம், 'கோல்டு' என்ற சொல்லுக்குக் கீழே: "டீ ஆறிப்போச்சு." அந்தப் பக்கத்தை மடித்து வைத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார் மனுஷன்.

நான் மாடி போர்ஷன். பல் ஆஸ்பத்திரியில் வேலை. நாள் முழுக்க "வாயத் திறங்க, நல்லாத் திறங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் கீழே யாரும் வாயை மூடமாட்டார்கள். முக்கியமாக அக்காவின் மகள். பிறந்ததிலிருந்தே அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். பேச்சென்றால் அப்படியொரு பேச்சு. வீட்டுக்குள் நுழையும்போதே செருப்பைக் கழற்றிக்கொண்டே அன்றைய கதையை ஆரம்பித்தால் கை கழுவி, சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைக்கும்வரை நிற்காது. பிற்பாடு விளம்பர வாசகம் எழுதும் கம்பெனியில் சேர்ந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அக்காவின் அகராதியில் பாதி அவள் போட்ட பிச்சை. மகள் பேசப் பேச அக்கா எழுதுவாள். "இன்னொரு தடவ சொல்லு." "எத்தன தடவம்மா!" என்று சலித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் மெருகேற்றிச் சொல்வாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

அந்தக் கம்பெனியில் கூட வேலை பார்த்த பையன் ஒருவனோடு அவளுக்குப் பழக்கம். கல்யாணப் பேச்சுவரை வந்தது. பிறகு ஒருநாள் அவன் பேசுவதை நிறுத்திக்கொண்டான். காரணம் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் சமையலறைத் தரையில் அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு வாயாடி அழுதாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். "வாசல்ல கிழிஞ்ச செருப்பக் கழட்டிப் போடற மாதிரி என்னக் கழட்டி விட்டுட்டாம்மா" என்றாள். அக்கா அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்போது பென்சிலை எடுக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் அவள் மூளைக்குள் இன்னொரு பென்சில் உண்டு.

முதல் தொகுதி அச்சாகி வந்தது. 'டிராப்' என்ற சொல். கீழே விழுவது, துளி, வண்டியில் கொண்டுபோய் இறக்கி விடுவது என்று அடுக்கிக்கொண்டே போய், நடுவில் 'பழகியவரை உதறிவிடு' என்று ஓர் அர்த்தம். அதற்கு எதிரில் அந்தச் செருப்பு வாக்கியம், ஓர் எழுத்து மாறாமல்.

எழுதுகிறவர்களுக்கான அகராதி அல்லவா? வாயாடியின் கம்பெனியிலும் ஒரு பிரதி வாங்கினார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரோ புரட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறதே என்று உரக்க வாசித்திருக்கிறார்கள். இவள் அதே வார்த்தையை அங்கிருந்த சிநேகிதிகளிடமும் சொல்லி அழுதிருந்தாள். எல்லோரும் இவளைத் திரும்பிப் பார்த்தார்களாம். அந்தப் பையனும் அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்குக் கேட்டபோதே உடம்பெல்லாம் கூசியது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

அன்று அவள் வீட்டுக்கு வந்து கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அக்கா அவள் அறை வாசலில் நின்று, "தப்புத்தான்டி. பேரு போடலயே, யாருக்குத் தெரியப் போகுதுன்னு நெனச்சுட்டேன்" என்றாள்.

"பேரு எதுக்கும்மா? அந்த வாக்கியமே நான்தான். உன்கிட்டதான் அழுதேன். உன் ஆபீஸ்கிட்ட அழல." அப்புறம் சொன்னாள்: "இனிமே என் வாயிலேர்ந்து உனக்கு ஒண்ணும் கெடைக்காது."

சொன்னதைச் செய்தாள். அம்மாவிடம் அவள் பேச்சு "ம்", "சரி", "வேணாம்" என்று சுருங்கிப்போனது. மாடியில் என் வீட்டுக்கு வந்தால் பழையபடி கொட்டுவாள். படியிறங்கும்போதே வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். கீழே அக்கா அடுப்பைச் சின்னதாக வைத்துக்கொண்டு, மாடியில் கேட்கும் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு நிற்பாள். வார்த்தை புரியாது, குரல் மட்டும் கேட்கும். பெற்ற மகளின் குரலைத் திருட்டுத்தனமாகக் கேட்க வேண்டிய நிலைமை எந்தத் தாய்க்கும் வரக் கூடாது.

நான் சும்மா விடுவேனா? "பெத்த பொண்ணோட அழுகைய அச்சடிச்சு விப்பியா நீ? உனக்கு நெஞ்சில ஈரம் இருக்கா?" என்று பிடிபிடியென்று பிடித்தேன். இன்னொரு தடவை சொல்லு என்று கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, மாடிக்குப் போய்விட்டேன். அடுத்த பதிப்பில் அந்த வாக்கியத்தை எடுத்துவிடச் சொல்லிப் புள்ளி சாரிடம் எழுதிக் கொடுத்தாள் என்று பிறகு தெரிந்தது. கொட்டின பாலை அள்ள முடியுமா? ஆனாலும் கொடுத்தாள்.

இரண்டாம் தொகுதி தொடங்கியது. அதில் 'கீப்' என்ற சொல் அவள் தலையில் விழுந்தது. கேட்டால் சின்னச் சொல். உள்ளே போனால் வெளியே வர முடியாது. வாக்கைக் காப்பாற்றினாலும் கீப், ஆடு மாடு வளர்த்தாலும் கீப், ஒருத்தரைக் காக்க வைத்தாலும் கீப், ஆடாமல் அசையாமல் இருந்தாலும் கீப். கடிகாரம் சரியாக ஓடினாலும் அதுதானாம். இதென்ன சொல்லா, சர்வரோக நிவாரணியா என்று கேட்டேன். நம் ஆட்களுக்கோ அந்தச் சொல்லைக் கேட்டால் ஒரே ஓர் அர்த்தம்தான் ஞாபகம் வரும், இன்னொரு தெருவில் இன்னொரு குடித்தனம். அதற்கு மட்டும் வாக்கியம் டீக்கடை வாசலிலேயே கிடைத்துவிட்டது, அதுவும் தேவைக்கு மேலேயே.

மற்றதற்கெல்லாம் வீட்டில் பஞ்சம். வாயாடிதான் வாயைத் திறப்பதில்லையே. அக்கா தெருத்தெருவாக அலைந்தாள். என் ஆஸ்பத்திரிக்கு வந்து பல்வலிக்காரர்களோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். "நாக்க ஆட்டாம வச்சுக்கங்க" என்று டாக்டர் யாரிடமோ சொன்னது ஓர் அர்த்தத்துக்கு ஆயிற்று. "எவ்வளவு நேரம்தான் என்னக் காக்க வப்ப?" என்று நான் வாசலில் நின்று எரிந்து விழுந்தது இன்னொன்றுக்கு. பால்காரர், "இந்தப் பால் நாளைக்கு வரைக்கும் தாங்கும்" என்றார். கெடாமல் இருப்பதும் கீப்தான். உப்புச் சப்பில்லாத வாக்கியம், வேறு வழியில்லாமல் எழுதிக்கொண்டாள்.

கடைசியில் ஓர் அர்த்தம் மட்டும் மாட்டாமலே நின்றது. ஒருவர் சொன்னதை வெளியே விடாமல் தனக்குள்ளேயே வைத்துக்கொள்வது. அதற்கு வாக்கியம் கிடைக்கவே இல்லை. யோசித்துப் பாருங்கள், ரகசியம் சொல்கிறவன் கடைத்தெருவில் நின்று கத்திச் சொல்வானா? பஸ்ஸில் பின் சீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி சொல்வானா? காதோடு காது வைத்துச் சொல்வதை ஒட்டுக்கேட்டுப் பிடிக்க முடியாது. நம்பி யாராவது அவளிடம் சொன்னால்தான் உண்டு. அக்காவை நம்பி யார் சொல்வார்கள்? வாயைத் திறந்தால் அச்சில் வந்துவிடும் என்று தெரு முழுக்கத் தெரியும். அவள் பொறுக்க மாட்டாமல் தானே ஒன்றை எழுதிக் கொடுத்தாள். "இது நீங்க செஞ்சது" என்று புள்ளி சார் திருப்பி அனுப்பினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நானும் அக்காவும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தோம். அத்தானின் தங்கை போனில் வாயாடியைப் பிடித்துக்கொண்டாள். எல்லா அத்தைகளுக்கும் ஒரே பாட்டுதானே, வயசு ஏறுகிறது, காலாகாலத்தில் ஒன்று நடக்க வேண்டாமா என்று. இவள் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, "நான் என்ன தக்காளியா அத்த? ஃபிரிட்ஜ்க்கு வெளிய வச்சா நாளைக்கே அழுகிடுவேன்னு பயப்படறீங்களே" என்றாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம்தான் அக்காவைப் பார்த்தேன். பால்காரரின் சொத்தை வாக்கியத்துக்குப் பதிலாகத் தங்கம் மாதிரி ஒன்று நடுவீட்டில் விழுந்திருக்கிறது. அவள் கை தானாகக் கொண்டைக்கு ஏறியது. பென்சிலைத் தொட்டது. தொட்டபடியே கொஞ்சம் நின்றது. பிறகு கழுத்தைச் சொறிந்துவிட்டு இறங்கி வந்து கத்தியை எடுத்தது. பீன்ஸை அவ்வளவு பொடியாக அவள் நறுக்கி நான் பார்த்ததில்லை. வாயாடி போனை வைத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அறைக்குள் போய்விட்டாள்.

அக்காவின் மூளைக்குள் இன்னொரு பென்சில் உண்டு என்று சொன்னேனே. அதனால் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு எழுதிவிடுவாள் என்றே நினைத்தேன்.

சில வாரம் கழித்துக் 'கீப்' மெய்ப்பு வந்தது, அதாவது அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்கிற தாள். அக்கா அதைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துவிட்டுத் துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போயிருந்தாள். நான் வாங்கிப் போயிருந்த சுத்தியலைத் திருப்பிக் கொடுக்கக் கீழே வந்தேன். வாயாடி மேசைமேல் குனிந்து, வரிவரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி படித்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. தாளைக் கையில் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். எனக்கு என்ன வேலை இருந்தது? நானும் பின்னாலேயே ஏறினேன்.

"தக்காளி எங்கம்மா?" என்றாள்.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் அம்மாவிடம் கேட்ட முதல் முழுக் கேள்வி அது. அக்கா நனைந்த தலையணை உறையை உதறிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"எந்தத் தக்காளி? கடைக்குப் போகணுமா?"

"ஐயோ, அது இல்லம்மா. அத்தகிட்ட சொன்னேனே. உனக்குக் கேக்கணும்னுதான் அவ்வளவு சத்தமாச் சொன்னேன். போடுவன்னு நெனச்சேன். போட்டிருந்தா இந்த வீட்டவிட்டே போயிடலாம்னு இருந்தேன்."

"அது நீ உங்கத்தைக்குச் சொன்னதுடி" என்றாள் அக்கா. "எனக்குச் சொல்லலயே."

வாயாடி கொடியில் தொங்கிய படுக்கை விரிப்பின் மறுபக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்தாள். அக்காவும் போய் உட்கார்ந்தாள். விரிப்புக்குக் கீழே எனக்கு அவர்கள் கால்கள் மட்டும் தெரிந்தன. மகள் பேச ஆரம்பித்தாள். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, பிறகு நிற்காமல். என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்க முயற்சி செய்யவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நடுவில் அவள் அழுதாள், அக்காவும் அழுதாள். கடைசியில் எழுந்திருக்கும்போது சொன்னது மட்டும் காற்றில் வந்தது.

"இத உனக்குள்ளயே வச்சுக்கோம்மா. சித்திகிட்டகூட சொல்லாத."

சித்திகிட்டகூடவா! இத்தனை மாதம் இவள் பாட்டைக் கேட்டவள் யார்? டீ போட்டுக் கொடுத்து மூக்குச் சிந்தத் துணி கொடுத்தவள் யார்? எனக்கு வந்த கோபத்தில் சுத்தியலோடு தடதடவென்று இறங்கிவிட்டேன். பாதிப் படியில்தான் உறைத்தது. அக்கா தெருத்தெருவாகத் தேடி அலைந்த வாக்கியம் அதுதான். யாரும் ஜோடிக்காதது, நிஜமாக ஒருத்தி வாயிலிருந்து விழுந்தது, அதுவும் அந்தக் கடைசி அர்த்தத்துக்கு அச்சு அசலாகப் பொருந்துவது. கோபமெல்லாம் போய் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் அலுவலகத்தில் நடந்ததை அக்காவே சொன்னாள். புள்ளி சார் அந்தக் கடைசிச் சீட்டைக் கேட்டிருக்கிறார்.

"கெடச்சுதா?"

"கெடச்சுது சார்."

"குடுங்க."

"தர முடியாது சார்."

"அப்ப அர்த்தத்தத் தூக்கிடட்டுமா?"

"தூக்கக் கூடாது சார். அந்த அர்த்தம் இருக்கு. பேசறவங்களும் இருக்காங்க."

புள்ளி சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். விதி விதிதான் என்று ஒரு பாட்டம் கத்தினாராம். இவள் எழுந்திருக்கவே இல்லை. பிறகு, "யாரு சொன்னது? அதையாவது சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். அதற்கும் இவள் வாயைத் திறக்கவில்லை. நல்ல கல்லுளிமங்கி. கடைசியில் அவர் மெய்ப்பைத் தன் பக்கம் இழுத்து அர்த்தத்தின் ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதி, அதற்கொரு புள்ளியும் வைத்தாராம்.

இதையெல்லாம் சொன்னாளே தவிர, மொட்டைமாடியில் மகள் சொன்னது என்ன என்று கேட்டால் மட்டும் மூச்சு விடமாட்டாள். நைச்சியமாகக் கேட்டேன், மிரட்டிக் கேட்டேன், "கூடப் பொறந்தவகிட்டயா மறைக்கற?" என்று மூக்கைச் சிந்திக்கூடப் பார்த்தேன். "டீ ஆறிப்போகுது, குடி" என்பாள். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பார். இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டாம் தொகுதி வந்துவிட்டது. 'கீப்' என்ற சொல்லைப் பாருங்கள். எல்லா அர்த்தத்துக்கும் எதிரில் வாக்கியம் இருக்கும். ஓரிடத்தில் மட்டும் 'பிறர் சொன்னதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்' என்று அர்த்தத்தைப் போட்டுவிட்டு எதிர்ப்பக்கம் வெறுமையாக இருக்கும். அச்சுப் பிழை என்று வாசகர்கள் அலுவலகத்துக்குப் போன் பண்ணிக்கொண்டே இருக்கிறார்கள்.

வாயாடியின் கம்பெனிக்கும் அது போயிற்று. போன வாரம் அவள் செருப்பைக் கழற்றும்போதே கதையை ஆரம்பித்துவிட்டாள். நாங்கள் எல்லோரும் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். அதே சாப்பாட்டு நேரம், அதே கூட்டம், யாரோ புரட்டிப் பார்த்து, இங்கே ஏன் ஒன்றுமே இல்லை என்று கேட்டார்களாம். அந்தப் பையனும் நிமிர்ந்து பார்த்தானாம்.

"நீ என்ன சொன்ன?" என்று நான்தான் கேட்டேன். அக்கா கேட்கவில்லை. இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்கம்மாகிட்ட ஒண்ணு சொன்னா கெணத்துல போட்ட கல்லு மாதிரி, வெளிய வராதுன்னேன்." சொல்லிவிட்டுத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். அம்மாவை நேராகப் பார்த்தாள். "இத வேணா எழுதிக்கோம்மா. அடுத்த தொகுதியில 'டிரஸ்ட்' வரும்ல?"

அக்கா மெதுவாகக் கொண்டையிலிருந்து பென்சிலை உருவினாள். எழுத எதுவும் கைக்கு அகப்படாமல் மேசையிலிருந்த மளிகை ரசீதைத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.